ஐம்பத்தொன்பதரை வயது: அமெரிக்க ஓய்வுக்காலக் கணக்கில் அபராதம் எப்போது, யாருக்கு?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும், கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டமான 401(கே) பற்றி ஓர் எண் சொல்வார்கள்: 59½. அந்த வயதுக்கு முன்னால் பணத்தை எடுத்தால் 10 சதவீதம் அபராதம், அதற்கு அப்புறம் எடுத்தால் இல்லை. சரிதான். ஆனால் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுபவர்கள் இரண்டு விதமாக நஷ்டப்படுகிறார்கள். தேவையே இல்லாமல் நாலரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பவர்கள் ஒரு பக்கம். அபராதம் இல்லாமல் எடுக்க முடிந்த பணத்தை, ஒரே ஒரு கையெழுத்தில், அபராதம் கட்ட வேண்டிய பணமாகத் தாங்களே மாற்றிக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது ஆட்களை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இப்படி வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் ஒரு பெண், வயது 56. பதினெட்டு வருஷம் வேலை செய்த இடத்தில் ஆட்குறைப்பு. 401(கே)யில் 4 லட்சம் டாலர் இருக்கிறது. வேலை போன வாரத்திலேயே, "பழைய கம்பெனியில் எதற்குப் பணத்தை விட்டுவைக்க வேண்டும், ஐஆர்ஏவுக்கு மாற்றிவிடுங்கள்" என்று நாலு பேர் சொல்கிறார்கள். ஐஆர்ஏ என்பது கம்பெனி வழியாக இல்லாமல் நம் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் ஓய்வுக்காலக் கணக்கு. அவரும் மாற்றுகிறார். ஆறு மாதம் கழித்து வீட்டுக் கடனுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் 40,000 டாலர் எடுக்கிறார். வருமான வரிக்கு மேல் 4,000 டாலர் அபராதம். அதே பணம் பழைய 401(கே)யிலேயே இருந்திருந்தால் அபராதம் பூஜ்யம். ஆள் அதே ஆள், வயதும் அதே வயது. பணம் இருந்த இடம் மட்டும்தான் மாறியது.

அமெரிக்க வரிச் சட்டத்தில் வயது விதி கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆளைப் பார்த்து மட்டும் வருவதில்லை. இது பிடிபட்டால் மற்ற விதிகள் எல்லாம் எளிதாக விளங்கும்.

முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பணத்தை எடுக்கத் திட்டம் அனுமதிக்கிறதா? எடுத்தால் வருமான வரி உண்டா? அதற்கு மேல் 10 சதவீத அபராதம் உண்டா? 59½ என்ற எண் மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. வரிக்கு முன் பிடித்த பணம் என்றால் 60 வயதில் எடுத்தாலும் 80 வயதில் எடுத்தாலும் வருமான வரி உண்டு. அதே போல, 60 வயதாகியும் அதே கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அபராதம் இல்லை என்பதற்காக 401(கே)யைத் திறந்துவிட மாட்டார்கள். வேலையில் இருக்கும்போதே எடுக்கலாம் என்று அந்தத் திட்டத்தின் ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டும். இதன் மறுபக்கம் 'ஹார்ட்ஷிப்' என்ற நெருக்கடிக்கால அனுமதி. வீடு கைவிட்டுப் போகிற நிலைமை, ஈமச்செலவு என்று காரணம் காட்டினால் திட்டம் பணத்தைக் கொடுக்கும். கொடுத்துவிட்டதால் அபராதமும் மன்னிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது முதல் கேள்விக்குக் கிடைத்த பதில் மட்டுமே.

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வேலையை விட்டு, 401(கே)யிலிருந்து 40,000 டாலரைக் கையில் வாங்குகிறார் என்றால் கணக்கு எப்படி ஓடுகிறது பாருங்கள். திட்டத்தின் நிர்வாகி 20 சதவீதத்தை, அதாவது 8,000 டாலரை, வரிக்காகப் பிடித்துவிட்டு 32,000 தருவார். எல்லாம் முடிந்தது என்று தோன்றும். அடுத்த ஏப்ரலில்தான் முழுக் கணக்கு. 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் வரி 8,800, அபராதம் 4,000, ஆக மொத்தம் 12,800. பிடித்தது போக இன்னும் 4,800 கட்ட வேண்டும். கையில் கடைசியாக நிற்பது 27,200. கலிபோர்னியாவில் இருந்தால் மாநிலமும் தன் பங்குக்கு 2.5 சதவீத அபராதம் போடும், மாநில வருமான வரி தனி.

சரி, அது என்ன அரை? 59, 60 என்று ஒரு முழு எண்ணை வைத்திருக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். இந்த எண் 401(கே)யை விடப் பழையது. சுயதொழில் செய்பவர்கள் ஓய்வுக்குச் சேமிக்க 1962இல் ஒரு சட்டம் வந்தது. நியூயார்க் நாடாளுமன்ற உறுப்பினர் யூஜின் கியோவின் பெயரால் அதைக் கியோ சட்டம் என்பார்கள். 59½ அதிலேயே இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் வயதைக் கிட்டத்துப் பிறந்த நாளை வைத்துக் கணக்கிடும் வழக்கம் உண்டு. ஐம்பத்தொன்பதரையைத் தாண்டியவர் அவர்கள் கணக்கில் அறுபது வயதுக்காரர். அந்த வழக்கம்தான் சட்டத்துக்குள் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1974இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட எரிசா என்ற ஓய்வுக்காலத் திட்டங்களுக்கான சட்டம் ஐஆர்ஏவை உருவாக்கியபோது அதே எண்ணை எடுத்துக்கொண்டது. 1986 வரிச் சீர்திருத்தம் 72(டி) என்ற பிரிவைப் போட்டு, 10 சதவீதத்தை 401(கே) உள்ளிட்ட திட்டங்களுக்கும் பொதுவாக்கியது. அந்தப் பிரிவுக்குள்ளேயேதான் விதிவிலக்குகளும் இருக்கின்றன. அதனால்தான் அமெரிக்காவில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் '72(டி)' என்ற சொல் காதில் விழும்.

இனி மேலே பார்த்த பெண்மணிக்குக் கிடைத்திருக்க வேண்டிய விதி. பேச்சுவழக்கில் 'ரூல் ஆஃப் 55'. 55 வயது நிறையும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டால், அந்த வேலையின் 401(கே)யிலிருந்து அபராதம் இல்லாமல் எடுக்கலாம். தானே விட்டாலும் சரி, அனுப்பிவிட்டாலும் சரி. இங்கே 'ஆண்டு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 59½ நாள் கணக்கு, 55 நாட்காட்டி ஆண்டுக் கணக்கு. 1970 நவம்பர் 20இல் பிறந்தவருக்கு 59½ நிறைவது 2030 மே 20. மே 19இல் எடுத்தால் அபராதம் உண்டு. ஆனால் 55 விதிக்கு அவருக்கு 2025ஆம் ஆண்டு முழுவதும் கணக்கில் வரும். 2025 ஜனவரியில், 54 வயதிலேயே வேலையை விட்டிருந்தாலும் தகுதி உண்டு. சில வாரம் முன்னால், 2024 டிசம்பரில் விட்டிருந்தால் இல்லை. அப்புறம் 55 ஆனாலும், 57 ஆனாலும் அந்தக் கணக்குக்கு அந்தச் சலுகை வராது. வேலையை விட்ட ஆண்டுதான் கணக்கு. வருஷக் கடைசியில் ராஜினாமாக் கடிதத்தில் தேதி போடுபவர்கள் இதற்காகவே ஒரு முறை பிறந்த வருஷத்தைக் கூட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு நுணுக்கம்: கடைசியாக விட்ட வேலையின் திட்டத்துக்குத்தான் இது பொருந்தும். நாற்பது வயதில் விட்டுவிட்டு வந்த பழைய கம்பெனியின் 401(கே) இதில் சேராது. ஆனால் வேலையில் இருக்கும்போதே பழைய கணக்குகளை இப்போதைய 401(கே)க்குள் கொண்டுவந்துவிட்டால், எல்லாப் பணமும் 55 விதிக்குள் வந்துவிடும். ஐம்பதைத் தாண்டியவர்கள் வேலை போகும் முன் செய்து வைக்கக்கூடிய மிக உருப்படியான காரியம் இது என்பேன். ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. வேலையை விட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க விடுவீர்களா, இல்லை மொத்தமாகத்தான் தருவீர்களா? சில திட்டங்கள் மொத்தமாக மட்டுமே தரும். அப்படியானால் அபராதம் இல்லாவிட்டாலும், ஒரே ஆண்டில் எல்லாம் வருமானமாகி வரி அடுக்கு ஏறிவிடும். மொத்தத்தையும் ஐஆர்ஏவுக்கு மாற்றியே ஆக வேண்டும் என்றும் எந்தக் கட்டாயமும் இல்லை. 59½ வரை செலவுக்கு வேண்டியதை 401(கே)யில் விட்டுவிட்டு மீதியை மட்டும் மாற்றவும் பல திட்டங்கள் விடுகின்றன.

காவலர், தீயணைப்பு வீரர் போன்ற பொதுப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கு 55க்குப் பதில் 50, அல்லது அந்தத் திட்டத்தில் 25 ஆண்டு சேவை. மாநில, உள்ளூர் அரசு ஊழியர்களின் 457(பி) கணக்கு இன்னும் தாராளம். வேலையை விட்டால் எந்த வயதிலும் அபராதம் இல்லை. நாற்பது வயதிலும் இல்லை. அதையும் ஐஆர்ஏவுக்கு மாற்றினால் 59½ வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதே சறுக்கல் வாழ்க்கையின் மிகக் கஷ்டமான இரண்டு நேரங்களில் வருகிறது. அந்த நேரத்தில் யாருக்கும் வரிச் சட்டம் படிக்கத் தெம்பு இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்று, விவாகரத்து. கணவரின் 401(கே)யில் மனைவிக்குப் பங்கு என்று நீதிமன்றம் உத்தரவிடுகிறது. வழக்கறிஞர்கள் 'கியூட்ரோ' என்று சொல்லும் உத்தரவு அது. அதன்படி 401(கே)யிலிருந்து நேராக மனைவி கையில் வாங்கும் பணத்துக்கு, அவருக்கு 38 வயதானாலும், 10 சதவீதம் கிடையாது. அதே பணத்தை முதலில் தன் ஐஆர்ஏவில் போட்டுவிட்டு, பிறகு வாடகைக்கு முன்பணம் வேண்டும் என்று எடுத்தால் உண்டு. புது வீட்டுக்கு, வழக்குச் செலவுக்கு என்று எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்தத் தொகையை மட்டும் நேராக வாங்கிக்கொண்டு மீதியை ஐஆர்ஏவில் போடலாம். உத்தரவு எழுதும்போதே பேச வேண்டிய விஷயம் இது.

இன்னொன்று, மரணம். இறந்தவரின் கணக்கிலிருந்து வாரிசு எடுக்கும் பணத்துக்கு வாரிசின் வயது என்னவாக இருந்தாலும் அபராதம் இல்லை. கணவரை இழந்த மனைவிக்கு, மனைவியை இழந்த கணவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு: அந்தக் கணக்கைத் தன் சொந்த ஐஆர்ஏவாகவே மாற்றிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும், படிவத்திலும் அதுதான் முதலில் நிற்கும். ஆனால் 48 வயதில் கணவரை இழந்தவர் அப்படி மாற்றிவிட்டால், அது அவருடைய பணம், அவருடைய வயது. 59½ வரை தொட்டால் 10 சதவீதம். வாரிசு ஐஆர்ஏவாகவே விட்டு வைத்தால் குழந்தைகளின் செலவுக்கு வேண்டியபோது எடுக்கலாம். 59½ ஆன பிறகு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அவசரப்பட வேண்டிய விஷயமே இல்லை.

ஐஆர்ஏ என்றாலே மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 401(கே)க்குக் கிடைக்காத சில விலக்குகள் ஐஆர்ஏவுக்கு உண்டு. உயர்கல்விக் கட்டணம், முதல் வீடு வாங்க வாழ்நாளில் 10,000 டாலர் வரை, வேலையில்லாமல் அரசு உதவித்தொகை வாங்கும் காலத்து மருத்துவக் காப்பீட்டுத் தவணை ஆகிய மூன்றும் ஐஆர்ஏவுக்கு மட்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 401(கே)யிலிருந்து எடுத்துவிட்டு, 'படிப்புக்கு அபராதம் இல்லையே' என்று கேட்பவர்களுக்கு இது தெரிவதில்லை. இவர்களுக்கு ரோல்ஓவர், அதாவது பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவது, உதவி செய்யும். ஐஆர்ஏவுக்கு மாற்றிவிட்டு எடுத்திருக்க வேண்டும். நிரந்தர ஊனம், வருமானத்தில் 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட மருத்துவச் செலவு, குழந்தை பிறப்புக்கோ தத்தெடுப்புக்கோ 5,000 டாலர் என்பவை இரண்டுக்கும் பொது. 2022 டிசம்பரில் வந்த செக்யூர் 2.0 சட்டம் வருஷத்துக்கு 1,000 டாலர் அவசரச் செலவு, குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 10,000 டாலர் வரை என்று இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. சிறு தொழில்களில் இருக்கும் சிம்பிள் ஐஆர்ஏவில் மட்டும் மிகவும் எச்சரிக்கை வேண்டும். சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுக்குள் எடுத்தால் அபராதம் 10 அல்ல, 25 சதவீதம்.

ஐம்பது வயதிலேயே ஓய்வு பெற நினைப்பவர்கள் பேசும் வழி 72(டி) தவணை. எந்த வயதிலும் தொடங்கலாம். ஆயுள் எதிர்பார்ப்பை வைத்து, அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் ஏற்கும் மூன்று முறைகளில் ஒன்றில் கணக்கிட்டு, ஆண்டுதோறும் அந்தத் தொகையை எடுத்தால் அபராதம் இல்லை. ஐஆர்ஏவில் 5 லட்சம் டாலர் வைத்திருக்கும் 50 வயதுக்காரருக்கு, 5 சதவீத வட்டியில், கடன் தவணை போடும் முறையில் கணக்கிட்டால் வருஷத்துக்கு ஏறத்தாழ 30,000 டாலர் வரும். மாதம் 2,500. சிக்கனமான குடும்பத்துக்கு அது பெரிய ஊன்றுகோல்தான்.

கட்டுப்பாடு கடுமையானது. ஐந்து ஆண்டு, அல்லது 59½ வரை, இரண்டில் எது நீளமோ அதுவரை தொகையை மாற்றக் கூடாது. 50இல் தொடங்கினால் ஒன்பதரை ஆண்டு. 57இல் தொடங்கினால் 59½இல் விட முடியாது, 62 வரை போக வேண்டும். நடுவில் கூரை ஒழுகுகிறது, கார் பழுது என்று ஆயிரம் டாலர் கூடுதலாக எடுத்தாலே முறை உடைந்ததாக அர்த்தம். அப்போது முதல் நாளிலிருந்து எடுத்த எல்லாவற்றுக்கும் 10 சதவீதம், அதன் மேல் வட்டி. ஏழு வருஷம் 30,000 எடுத்தவருக்கு அது 21,000 டாலரும் வட்டியும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தொடங்கும் முன்னால் ஐஆர்ஏவை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் தவணை போட்டு, மற்றதை அவசரத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். இங்கேயும் விதி கணக்கோடுதான் ஓடுகிறது. பிரித்த மற்ற ஐஆர்ஏவை அது கட்டுப்படுத்தாது.

ராத் ஐஆர்ஏ வேறு ரகம். 1997 சட்டத்தில் வந்தது, டெலவேர் செனட்டர் வில்லியம் ராத்தின் பெயர் அதற்கு. வரி கட்டிய பணத்தைத்தான் அதில் போடுகிறோம் என்பதால், போட்ட அசலை எந்த வயதிலும் வரியும் அபராதமும் இல்லாமல் எடுக்கலாம். 30,000 போட்டு 48,000 ஆகியிருந்தால், முதலில் வெளியே வருவது அந்த 30,000தான் என்று சட்டமே வரிசை போட்டிருக்கிறது. மேலே இருக்கும் 18,000 லாபத்துக்குத்தான் 59½ வயதும், முதல் ராத் கணக்குத் தொடங்கி ஐந்து ஆண்டும் வேண்டும். வழக்கமான ஐஆர்ஏவிலிருந்து ராத்துக்கு மாற்றிய பணத்துக்கு, 59½க்குள் எடுப்பதானால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக ஐந்து ஆண்டு எண்ண வேண்டும்.

ஊர் திரும்பும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஹெச்-1பி வேலை விசா முடிந்து சென்னைக்கோ கோவைக்கோ வந்துவிட்டால் 401(கே)யை அபராதம் இல்லாமல் எடுக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நாட்டை விட்டுப் போவது 72(டி)யின் விலக்குப் பட்டியலில் இல்லை. கணக்கை அங்கேயே விட்டுவிட்டு வரலாம், வெளிநாட்டில் இருந்துகொண்டே 59½க்குப் பிறகு எடுக்கலாம். 7,000 டாலருக்குக் கீழே இருந்தால் மட்டும், திட்டமே உங்களைக் கேட்காமல் அதை ஒரு ஐஆர்ஏவுக்குத் தள்ளிவிடலாம். 1,000க்குக் கீழே என்றால் காசோலையாகவே அனுப்பிவிடலாம். பழைய முகவரிக்குப் போன காசோலை கையில் கிடைக்காவிட்டாலும், அது எடுத்த பணம்தான். இந்தியப் பக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அமெரிக்கா எடுக்கும் ஆண்டில் வரி கேட்கும், இந்தியா கணக்கு வளர வளர ஆண்டுதோறும் கேட்கும். 2021இல் இந்திய வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 89ஏ பிரிவு, எடுக்கும் ஆண்டிலேயே இங்கேயும் வரி கட்டும்படி தேர்ந்தெடுக்க வழி செய்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்று நாட்டுக் கணக்குகளுக்கும் அது பொருந்தும்.

வயது விதிக்கு இன்னொரு முனையும் உண்டு, எடுக்காமல் இருந்தால் வரும் அபராதம். எடுக்கத் தொடங்கியே ஆக வேண்டிய வயது முன்பு 70½ ஆக இருந்து, 2020இல் 72 ஆகி, 2023 முதல் 73. 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 75. அந்த வயது முதல் வருஷாவருஷம் குறைந்தபட்சத் தொகை எடுத்தாக வேண்டும், விட்டால் குறையும் தொகையில் 25 சதவீதம். இங்கேயும் கணக்கு மாறினால் விதி மாறும். 74 வயதிலும் வேலை பார்ப்பவர் அந்தக் கம்பெனியின் சொந்தக்காரர் இல்லை என்றால், அங்கே இருக்கும் 401(கே)யிலிருந்து எடுக்காமல் தள்ளிப்போடத் திட்டம் அனுமதிக்கலாம். வழக்கமான ஐஆர்ஏவிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, ஜனவரி இறுதியில் வரும் ஒரு காகிதம். படிவம் 1099-ஆர். அதில் ஏழாவது பெட்டியில் ஒரு சின்ன எண் இருக்கும். 1 என்றால் வயதுக்கு முன் எடுத்தது, 2 என்றால் முன்னால் எடுத்தாலும் விலக்கு உண்டு, 7 என்றால் 59½ தாண்டியது. நிர்வாகிக்கு உங்கள் கதை முழுவதும் தெரியாது. விலக்கு இருந்தும் 1 என்று போட்டு அனுப்புவது சகஜம். அந்த எண்ணை அப்படியே வரி மென்பொருளில் தட்டினால் அது 10 சதவீதத்தைச் சேர்த்துவிடும். அதற்குத்தான் 5329 என்ற படிவம். எந்த விலக்கு என்பதற்கு ஒரு குறியீடு போட்டால் போதும். 55 விதிக்கு அது 01, தவணை முறைக்கு 02. அதை நிரப்பாமலே அபராதத்தைக் கட்டிவிட்டவர்களும் கணக்குத் தாக்கல் செய்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்திய கணக்கைப் போட்டு அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2023லோ 2024லோ வேலையை விட்டு, 401(கே)யிலிருந்து எடுத்து, 1 என்ற எண்ணைப் பார்த்து அபராதம் கட்டியிருந்தால், அந்தக் காகிதத்தை இன்றே எடுத்து, அப்போது உங்கள் வயது என்ன, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள்.